மோட்டார் ஏன் மரத்தடியில் நிற்கிறது?

மதியச் சாப்பாடு தாமதமாக வந்தால் நாம் முதலில் யாரைத் திட்டுவோம்? கொண்டுவந்து கொடுக்கும் பையனைத்தான். அவன்தானே கண்ணுக்குத் தெரிகிறான். வியர்த்து விறுவிறுத்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், “சாரிக்கா, லேட்டாயிருச்சு” என்று பையை நீட்டுகிறவன் அவன். அந்தப் பொட்டலம் அவன் கைக்கே எத்தனை மணிக்கு வந்தது என்று நாம் கேட்பதில்லை. நம் பசி அப்படி.

என் அத்தை, பழைய கிள்ளான் சாலைப் பக்கம் உள்ள தம் வீட்டில் சமைத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக் கேண்டீனை மூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு 8 பொட்டலங்கள் என்று ஆரம்பித்தார். இப்போது நாளொன்றுக்கு 110. மிட்வேலி, பங்சார் சவுத், கேஎல் சென்ட்ரல் பகுதிகளில் 7 கட்டடங்களுக்குப் போகிறது. சோறு, ஒரு குழம்பு, இரண்டு காய், மீன் அல்லது கோழி, ஓர் அப்பளம். விலை 9 வெள்ளி. அடுப்படியில் அத்தையோடு மூன்று அக்காமார். கொண்டுபோய்ச் சேர்க்க, மோட்டாரோடு இரண்டு தம்பிகள்.

சென்ற ஆண்டு ஒரு நாள், ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து அத்தைக்குப் புலனத்தில் செய்தி வந்தது. இரண்டு வாரமாகச் சாப்பாடு 1.15-க்குத்தான் வருகிறது, எங்கள் இடைவேளை 12.30 முதல் 1.30 வரைதான், மாதக் கடைசிவரை பார்ப்போம், சரியாகாவிட்டால் நிறுத்திக்கொள்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு மட்டும் 32 பொட்டலங்கள். நாளொன்றுக்கு 288 வெள்ளி. அது போனால் ஓர் அக்காவையாவது வேலையைவிட்டு நிறுத்த வேண்டியிருக்கும். அத்தைக்கு அன்று இரவு தூக்கமில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அடுப்பு பத்தவில்லை, பெரிதாக இன்னொன்று வாங்க வேண்டும் என்றார் அத்தை. இரண்டு மோட்டார் எந்த மூலைக்கு, மூன்றாவது ஆள் வேண்டும் என்றார் மாமா. தம்பிகள் இருவரும் நெரிசல்மேல் பழியைப் போட்டார்கள். கோலாலம்பூரில் அந்தப் பழி எப்போதும் எடுபடும். அடுப்போ மோட்டாரோ, எதுவானாலும் பணம் வேண்டும். அத்தை தம் இரண்டு வளையல்களை அடகு வைக்கப் போவதாகச் சொன்னபோதுதான், “ஒரு வாரம் பொறுங்க அத்தை, நான் வந்து உக்காந்து பாக்குறேன்” என்றேன்.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி செய்கிறேன். எங்கள் தொழிலில் 8 மணிச் செய்தி என்றால் 8 மணி, 0 நிமிடம், 0 விநாடி. ஒரு நேர்காணல் 2 நிமிடம் நீண்டுவிட்டால் அந்த 2 நிமிடத்தை எங்கே பிடித்தோம், எந்தப் பாட்டை விட்டோம் என்பதெல்லாம் பதிவாகும். ஆகவே விநாடிகளை எண்ணுவது எனக்குத் தொழில்வழி வந்த நோய். அதைக் கொஞ்சம் சமையலறைக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். விடுப்பு எடுத்துக்கொண்டு, ஐந்து நாள், காலை 5.30-லிருந்து குளிர்சாதனப் பெட்டி ஓரமாக ஒரு முக்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். “பசியாறிட்டு எழுதும்மா, பேனா ஓடியா போயிரும்?” என்று அக்காமார் சிரித்தார்கள்.

முதலில் அடுப்பு. பார்க்க மகா அமர்க்களமாக இருக்கும். தாளிக்கிற சத்தம், ஆவி, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஓடுவது. இங்கேதான் சிக்கல் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஐந்து நாளில் நான்கு நாள், எல்லாச் சமையலும் 10.35-க்கு முடிந்துவிட்டது. பானைகள் மூடியோடு வரிசையாக மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நின்றன என்பதைக் கவனியுங்கள்.

பிறகு மோட்டார். தம்பிகள் இருவரும் 11.15-க்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். வந்து, வாசலில் உள்ள ஜம்பு மரத்தடியில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். எதற்கு? பொட்டலத்துக்கு. பைகள் அவர்கள் கைக்கு வருவது 12 மணிக்கு. முக்கால் மணி நேரம் மரத்தடி. மூன்றாவது மோட்டார் வாங்கியிருந்தால் அதுவும் அதே மரத்தடியில்தான் நின்றிருக்கும்.

இந்தப் பக்கம் பானைகள் காத்துக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். அப்படியென்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். ஆங்கிலத்தில் இதைத்தான் ‘பாட்டில்நெக்’ என்கிறார்கள். குப்பி எவ்வளவு பெரிதானாலும் கழுத்து விடுகிற அளவுதான் வெளியே வரும். எனக்கு அதைவிட, பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைதான் சட்டென்று புரியும். பாட்டி பால்மரம் வெட்டியவர். எவ்வளவு வேகமாக வெட்டி, எவ்வளவு சீக்கிரம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாலும், பால் நிறுக்கும் இடத்தில் வரிசை நிற்கும். ஒரே தராசு, ஒரே கிராணி. அவர் நிறுத்து எழுதும் வேகத்தில்தான் தோட்டமே வீடு திரும்ப முடியும்.

நம் தராசு எது? பொட்டலம் கட்டும் மேசை. அதில் மூன்று அக்காமார் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் சோறு, ஒருவர் குழம்பும் காயும், ஒருவர் மீனோ கோழியோ வைத்து மூடி அழுத்துவது. கைகள் பழகிய கைகள். சாதாரணப் பொட்டலம் ஒன்று 20 விநாடியில் முடிகிறது. நிலைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், 20-ஐத் தாண்டவில்லை.

ஆனால் எல்லாம் சாதாரணப் பொட்டலம் இல்லை. ஒருவருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது. ஒருவருக்குக் கத்தரிக்காய் கூடாது. ஒருவருக்கு இனிப்பு நீர், சோறு பாதி போதும். ஒருவர் திங்கட்கிழமை மட்டும் சைவம். இப்படி ஒன்று வந்தவுடன் மூவரும் நிற்கிறார்கள். “அக்கா, இந்த 14-ஆம் மாடி சைவம் யாருக்கு? முட்டை வைக்கலாமா?” பின்கட்டில் பெரிய பானைகளைக் கழுவிக்கொண்டிருக்கும் அத்தை, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைப்பேசியை எடுத்து, நேற்று இரவிலிருந்து வந்த செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொல்கிறார். பாதி நேரம் பார்க்கவும் வேண்டாம், மனப்பாடமாகவே சொல்வார். ஆனால் பின்கட்டிலிருந்து வந்தாக வேண்டும். அப்படி ஒரு பொட்டலத்துக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம்.

110-இல் இப்படிப்பட்டவை 26. கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாதாரணம் 84, தலா 20 விநாடி, மொத்தம் 28 நிமிடம். மற்றவை 26, தலா 90 விநாடி, மொத்தம் 39 நிமிடம். காலே கால் பங்கு பொட்டலம், பாதிக்கு மேற்பட்ட நேரத்தைத் தின்றுவிடுகிறது. 10.40-க்குத் தொடங்கியது 11.47-க்கு முடிகிறது. இதற்கு நடுவில் 10.50-க்கு ஒரு செய்தி வரும்: “அத்தை, இன்னிக்கி எனக்கும் ஒண்ணு, மீன் வேணாம்.” அத்தைக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அதையும் சேர்த்து, எண்ணி, பிரித்து, பையில் போட 12 மணி.

இந்தத் தாமதம் அங்கேயே நின்றாலும் பரவாயில்லை. போகப் போக வளர்கிறது. ஒரு நாள் மூத்த தம்பியோடு பின்னால் உட்கார்ந்து போனேன். சாலையில் 18 நிமிடம்தான். அது கிடக்கட்டும். கட்டடத்துக்குள் நுழைய அடையாள அட்டையைக் கொடுத்து வருகையாளர் அட்டை வாங்க வேண்டும். பிறகு மின்தூக்கி. 12.30-க்கு மேல் கட்டடமே சாப்பிட இறங்குகிறது. மேலே போக வேண்டிய நாங்கள், கீழே வருகிறவர்கள் இறங்கி முடியக் காத்திருந்தோம். ஒரே கட்டடத்தில் 11 நிமிடம். “அக்கா, 12 மணிக்கு முந்தி வந்தா ரெண்டே நிமிஷம்” என்றார் தம்பி. ஆக, மேசையில் தொலைத்த 20 நிமிடம், கடைசிக் கட்டடத்தில் 40 நிமிடமாக விடிகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது நம் நாட்டில் உணவு விற்போர் எல்லாருக்கும் சொல்லப்படும் பாடம். சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அத்தை வீட்டில் முதல் கறி 8.45-க்கு இறங்குகிறது. 1.15-க்குச் சாப்பிட்டால் நாலரை மணி நேரம். அத்தை ஆசைப்பட்ட பெரிய அடுப்பு வந்திருந்தால் சமையல் இன்னும் அரைமணி முன்னதாக முடிந்து, அரைமணி கூடுதலாக ஆறியிருக்கும்.

எலியாஹு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் 1984-இல் ‘தி கோல்’ என்று ஒரு நாவல் எழுதினார். ஆலை ஒன்றைக் காப்பாற்றும் கதை. அதில் சாரணச் சிறுவர்கள் வரிசையாக நடந்துபோகிறார்கள். ஒரு பையன் மட்டும் மெதுவாக நடக்கிறான், வரிசை அறுந்து அறுந்து போகிறது. கடைசியில் அவனையே முன்னால் விட்டு, அவன் முதுகுப் பையைத் திறந்து பாரத்தை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மொத்த வரிசையும் வேகமெடுக்கிறது. ஊடகவியல் படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு ஒரு நண்பர் கொடுத்துப் படித்தேன். மேலாண்மைப் புத்தகம் என்று பயந்து ஒதுக்க வேண்டாம், கதையாகவே ஓடும்.

புத்தகத்தில் அந்தச் சிறுவனிடம் சொல்வது எளிது. அத்தையிடம் எப்படிச் சொல்வது? அடைப்பு மேசையில் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார். மேசை ஏன் நிற்கிறது என்று சொல்ல வந்தபோதுதான் தொண்டை அடைத்தது. 26 பேருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருக்கிறது, அது அத்தையின் தலை. அதுதான் அவருடைய பெருமையும். “நாலாவது மாடிப் புள்ளைக்கு மாசமா இருக்கு, மீன் வாடையே ஆகாது, ரசம் கூட வைங்க” என்று அவர் சொல்வதனால்தான் வாடிக்கையாளர்கள் ஐந்து வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் செயலியிலும் அந்த ரசம் கிடைக்காது.

நான் சுற்றி வளைத்து, பாட்டியின் தராசுக் கதையைச் சொன்னேன். அத்தைக்கு அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்போ நான்தான் அந்தக் கிராணின்னு சொல்றே.”

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியது அத்தையோடு நான்கு வருடமாக இருக்கும் அக்கா ஒருவர். அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “அன்னிக்கி உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, மூணு நாளு கடையச் சாத்துனோம். சமைக்கத் தெரியாமயா சாத்துனோம்? எல்லாக் கொழம்பும் எனக்கு வரும். யாருக்கு என்னா வைக்கிறதுன்னுதான் தெரியல.”

அத்தை அன்று பிற்பகல் முழுதும் எங்கள் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில், தைக்கும் இயந்திரம் வைத்திருந்த சின்ன மேசையைத் தாமே இழுத்துக் கூடத்தில் போட்டார்.

“அந்த இருவத்தாறையும் இங்க நான் கட்டுறேன். மத்ததை நீங்க நிக்காமக் கட்டுங்க.”

இது என் யோசனை இல்லை. நான் பட்டியல் எழுதி மேசைமேல் ஒட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை விட அத்தையின் ஏற்பாடு மேல். பானை கழுவுவதைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, தெரிந்தவர் தாமே கட்டுகிறார், மற்ற மூவரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மாமா இந்த நேரம் பார்த்து, பம்பாய் டப்பாவாலாக்களைப் பார் என்று ஆரம்பித்தார். சாப்பாடு கொண்டுபோவது பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது அவர்களை இழுத்துவிடுவார்கள். 1890 முதல் நடக்கிறது, பல கைகள் மாறி, புறநகர் ரயிலேறி, சரியான மேசைக்குப் போகிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் சமைப்பதில்லை, வீட்டில் கட்டிவைத்ததை எடுத்துப் போகிறார்கள். நம் தலைவலி கட்டுவதிலேயே இருக்கிறது. இருந்தாலும் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: டப்பாவின் மூடியில் வண்ணத்திலும் எழுத்திலும் போடும் குறி. எங்கிருந்து வந்தது, எந்த நிலையம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று மூடியே சொல்லிவிடும். கையில் வாங்குகிறவர் யாரையும் கேட்க வேண்டாம்.

ஆகவே எழுதுபொருள் கடையில் வட்ட ஒட்டுவில்லைகள் வாங்கினோம். பச்சை, சைவம். மஞ்சள், வெங்காயம் பூண்டு இல்லை. நீலம், சோறு பாதி. மற்றதெல்லாம் பேனாவில் இரண்டு சொல். ஐந்தாம் படிவம் படிக்கும் அத்தை மகள் இரவு 8.30-க்கு அம்மாவின் கைப்பேசியை வாங்கி, பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்து, 26 மூடிகளுக்கும் ஒட்டிவிடுகிறாள். 15 நிமிட வேலை. ஒரு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கும் பாதி மனப்பாடம். அத்தை படுத்துவிட்டாலும் கடை நடக்கும் என்பது எனக்கு அந்த 1.15 விவகாரத்தைவிடப் பெரிய நிம்மதி.

8.30-க்கு மேல் வரும் சொல்லிக்கட்டல் கிடையாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தை முதல் வாரம் அந்த விதியை மூன்று முறை மீறினார். பிறகு ஒரு சமரசம்: தினமும் 6 சாதாரணப் பொட்டலம் கூடுதலாகக் கட்டுவது. 10.50-க்குக் கேட்கிறவர்களுக்கு அதுதான், மீன் வேண்டாம் என்றால் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டியது. இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அத்தைக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

இப்போது 11.10-க்கு மேசை காலி. 11.20-க்கு மோட்டார் கிளம்புகிறது. எங்கள் எல்லாரையும்விடச் சமர்த்தான யோசனை மூத்த தம்பியுடையது. அதுவரை கிட்ட உள்ள கட்டடத்திலிருந்து தொடங்கி தூரத்துக்குப் போவார்கள். அவர், மின்தூக்கி எங்கே மோசமோ அங்கே முதலில் போகலாம் என்றார். தரைத்தளத்திலேயே வாங்கிக்கொள்ளும் அலுவலகங்கள் கடைசியில். தூரம் இரண்டு கிலோமீட்டர் கூடியது, நேரம் குறைந்தது. கடைசிப் பொட்டலம் 12.25-க்குக் கைமாறுகிறது. எச்சரிக்கை அனுப்பிய அலுவலகம் நிறுத்தவில்லை. ஆனால் 32, 27 ஆகிவிட்டது. இடையில் வெறுத்துப்போன 5 பேர் திரும்பி வரவில்லை. வளையல்கள் அத்தையின் கையிலேயே இருக்கின்றன.

அடைப்பு ஒழிந்துவிட்டதா என்றால், இடம் மாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று எல்லாமே சைவம், எண்ணிக்கை 150-ஐத் தொடும். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்பதால் மேசை பறக்கிறது. ஆனால் காய் நறுக்கி முடியவில்லை, அடுப்பு 11.15-க்குத்தான் அணைகிறது. நான் உட்கார்ந்த ஐந்து நாளில் தப்பிய அந்த ஒரு நாள் வெள்ளிதான். தொழுகைக்காகப் பல அலுவலகங்களில் அன்று இடைவேளையும் முன்கூட்டியே தொடங்குவதால், மின்தூக்கிக் கூட்டமும் முந்திக்கொள்கிறது. புரட்டாசி வந்தால் ஒரு மாதம் முழுக்க வெள்ளிக்கிழமைதான். வியாழன் மாலை காய் நறுக்க மட்டும் ஓர் ஆள் சேர்த்திருக்கிறார்கள். நினைத்தவுடன் சேர்க்க முடியவில்லை. உணவைக் கையாளுகிறவர் அதற்கான பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்பது 2009 உணவுச் சுகாதார விதிமுறை. அதற்கே மூன்று வாரம் ஓடியது.

போன வாரம் போயிருந்தேன். 11.40 இருக்கும். அத்தை தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் தொங்கிய தடித்த நோட்டு ஒன்று கண்ணில் பட்டது. யார் எத்தனை நாள் சாப்பிட்டார், யார் இன்னும் பணம் தரவில்லை என்ற மாதக் கணக்கு. திறந்து பார்த்தேன். பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

“மீதி எங்க அத்தை?”

சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “நீ இதுக்கும் முக்காலியத் தூக்கிக்கிட்டு வந்துராத. தீபாவளி முடியட்டும்.”